சிவப்புப் பேனாவும் வாணியின் வினைச்சொற்களும்

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். நான் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தேன். நெற்றியில் ஈரத் துண்டு. உடம்புக்கு ஒன்றுமில்லை, நோயாளியாக நடித்துக்கொண்டிருந்தேன். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் என் மனைவி வாணி. நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, முகத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தாள். ஸ்டூலின் மேல் செல்போன். அதில் ஐந்து நிமிடக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

“குட் மார்னிங். ஐ ஆம் வாணி, யுவர் நர்ஸ் டுடே. ஹவ் ஆர் யூ ஃபீலிங்?”

“ஐயோ சிஸ்டர், முடியல சிஸ்டர்!”

“யோவ், இங்கிலீஷ்ல வலிக்கணும்யா!”

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. கறிக்குழம்பு வாசனை ஹாலைத் தாண்டி கட்டிலுக்கே வந்துவிட்டது. என் கையில் இருந்த அட்டையில், காலில் புண் உள்ள நோயாளி கட்டுப் போட வரமாட்டேன் என்று அடம்பிடிக்க வேண்டும், நர்சு பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் ஒரு தடவை ‘நோ’ சொன்னேன். வாணி ஏதோ சொன்னாள். “ஓக்கே சிஸ்டர், ஐ வில் கம்” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னாய்யா நீ? ஒடனே ஒத்துக்கினா நான் எங்க பேசறது? பரீட்சையில வர்ற ஆளு இப்டி ஒத்துக்க மாட்டான். அடம் புடி.”

“பசிக்குது வாணி.”

“நோயாளிக்குப் பசிக்காது. படு.”

படுத்தேன். இப்படித்தான் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் எங்கள் ஞாயிறுகள் போயின.

அளவு தெரிந்த ஆள்

போன வாரம் என் வேலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “குவாலிட்டி இன்ஸ்பெக்டருக்கு வீட்டில் என்ன மரியாதை?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். மரியாதையா? வாணி கோபம் வந்தால்தான் எனக்கு மரியாதை கொடுப்பாள். மற்ற நேரமெல்லாம் ‘நீ’, ‘வா’, ‘யோவ்’ தான். ‘நீங்க’ என்று ஆரம்பித்தால் அன்றைக்கு எனக்குச் சனி பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த வாரம் படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்குப் புஷ் என்கிற உலோக வளையம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் பொருள்களை அளந்து பார்த்துத் தேறியது, தேறாதது என்று பிரிக்கிறவன். குடியிருப்பது ஆவடிப் பக்கம் ஒரு ஃபிளாட்டில். எங்கள் குடும்பம் செம்பரம்பாக்கத்தில் விவசாயம் பார்த்த குடும்பம். அந்த நிலத்தில் இப்போது ஒரு கிடங்கு இருக்கிறது. அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமெல்லாம் கிடையாது, எனக்கு மண்வெட்டி பிடிக்கவே வராது.

வாணி பூந்தமல்லிப் பெண். நெடுஞ்சாலை ஓரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சு. வெளிநாட்டுக்கு நர்சு வேலைக்குப் போக ஒரு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. பேசுவதில்தான் இந்த நோயாளி நாடகம். எழுதுவதில் ஒரு கடிதம். ஒரு நோயாளியின் விவரங்களைக் கொடுத்து, அவரை அடுத்து கவனிக்கப்போகிறவருக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள். வாணி இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் கடிதத்தில் கவிழ்ந்தாள்.

எதற்காகப் போக வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்து, வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

“ஒரு வார்டுக்கு ரெண்டே பேரு. இங்க நான் ஓடறேன், அவ்ளோதான். ஒரு தடவையாவது நின்னு நர்சு வேலை பாக்கணும்யா.”

வெந்நீர் ஆறியதும் இன்னொரு சொம்பு ஊற்றினேன்.

ஜோடி நோட்டு

ஆவடியில் அவள் படித்த பயிற்சி வகுப்பில் ஜெசிந்தா என்று ஒரு மிஸ். நாகர்கோவில்காரி, வாணியை விடச் சின்னவள். இரண்டாம் தடவை தோற்றதும் என்னையும் வரச்சொல்லிக் கூப்பிட்டாள்.

“வாணி எழுதுகது எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணா. ஆனா வினைச்சொல்லுலதான் மாட்டுகாங்க. சரியான சொல்லுக்குப் பக்கத்து வீட்டுச் சொல்லைப் பிடிச்சுப் போட்டிருகாங்க. வீட்டுல யாராச்சும் உக்காந்து பாத்துக் குடுத்தா நல்லது.”

“எனக்கு இங்கிலீஷ் சுமாருங்க மிஸ்.”

“இங்கிலீஷ் வேண்டாம். லிஸ்ட் தாரேன். லிஸ்டை வச்சுப் பாருங்க.”

லிஸ்டை வைத்துப் பார்ப்பது என் தொழில் ஆயிற்றே! கம்பெனியில் ஒரு துளை சரியா என்று பார்க்க ஒரு கேஜ் வைத்திருப்போம். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. அதற்கு மேல் அறிவு தேவையில்லை. அதேபோல ஒரு நோட்டுப் போட்டேன். ஒன்றுபோலத் தெரியும் வினைச்சொற்களை ஜோடி ஜோடியாக எழுதி, எது எங்கே போகும், எது போகாது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டேன். வாணி எழுதும் கடிதங்களை அந்த நோட்டை வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்ப்பேன். தப்பான சொல் வந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம்.

முதல் ஜோடி ‘ஹியர்’, ‘லிசன்’. சத்தம் தானாகக் காதில் விழுந்தால் ஹியர். நாமாகக் காது கொடுத்தால் லிசன். வாணி இதை ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

“நான் பேசறப்ப நீ பண்றது மொதல்து. உங்க அக்கா போன்ல பேசறப்ப பண்றது ரெண்டாவுது.”

‘ரிமெம்பர்’ என்றால் தானாக ஞாபகம் வருவது. ‘ரிமைண்ட்’ என்றால் அடுத்தவர் ஞாபகப்படுத்துவது. கேஸ் சிலிண்டர் பதிவு பண்ணுவதில் நான் முதலாவதை ஒருநாளும் செய்ததில்லை என்றாள். ‘பாரோ’ வாங்குவது, ‘லெண்ட்’ கொடுப்பது. எதிர் வீட்டு ஏணியை நாங்கள் பாரோ பண்ணி எட்டு மாதம் ஆகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

ஆஸ்பத்திரி ஜோடிகள்தான் உயிரை வாங்கின. ‘ட்ரீட்’ என்றால் வைத்தியம் பார்ப்பது. ‘க்யூர்’ என்றால் நோய் போய்விடுவது. ‘ஹீல்’ என்றால் புண் ஆறுவது. டாக்டர் ட்ரீட் பண்ணினார் என்பதற்கு க்யூர் பண்ணினார் என்று எழுதிவிட்டால், இன்னும் படுக்கையில் கிடக்கிறவரைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பிய மாதிரி ஆகிவிடும். ‘ரெஃப்யூஸ்’ என்றால் நோயாளி வேண்டாம் என்கிறார். ‘டினை’ என்றால் அப்படியொன்றும் இல்லை என்கிறார். நெஞ்சு வலி இருக்கிறதா என்று கேட்டு அவர் இல்லை என்று சொன்னால் அங்கே டினைதான் போக வேண்டும். வாணி பத்துக்கு ஏழு தடவை ரெஃப்யூஸ் போடுவாள்.

“வேணாம்னு சொல்றதும் இல்லைன்னு சொல்றதும் ஒண்ணுதானேய்யா?”

“எப்பிடி ஒண்ணாவும்? நெஞ்சு வலி வேணுமான்னு கேட்டா எவனாவது வேணும்பானா?”

சிரித்துவிட்டாள். சிரித்தால் அந்த ஜோடி மறக்காது என்பதைக் கண்டுபிடித்தேன். அதற்காகவே கோமாளித்தனம் செய்தேன்.

நம் ஊரில் ஒரே ‘பார்’ போதும், படத்தையும் பார்ப்போம், பெண்ணையும் பார்ப்போம், வேலையையும் பார்ப்போம், ருசியையும் பார்ப்போம். அவர்களுக்கு ‘ஸீ’ தனி, ‘லுக்’ தனி, ‘வாட்ச்’ தனி. கண்ணில் படுவது, கண்ணைத் திருப்புவது, கண்ணை எடுக்காமல் இருப்பது. எங்கள் முதலாளி ஒரு முறை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, உங்கள் புகாரை நாங்கள் கவனிக்கிறோம் என்று எழுத நினைத்து, வாட்ச் போட்டு எழுதிவிட்டார். வேடிக்கை பார்த்தது போதும், எப்போது சரிசெய்வீர்கள் என்று பதில் வந்தது. கம்பெனி முழுக்க ஒரு வாரம் இதே பேச்சு.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. கல்யாணமாகி பன்னிரண்டு வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. ஆனால் நான் போடும் ஒவ்வொரு வட்டமும் அவளை விமானத்துக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்தது.

எதிர் ஃபிளாட்

எங்கள் எதிர் ஃபிளாட்டில் ஸ்டீபன் இருந்தார். ஏணிக்குச் சொந்தக்காரர். திருநெல்வேலிக்காரர், கணினிக் கம்பெனியில் வேலை. அவர் மனைவியும் நர்சு, வெளிநாடு போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தினமும் சாயங்காலம் ஸ்டீபன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வராந்தாவில் மேலும் கீழும் நடப்பார். “ம்”, “சரி”, “சாப்ட்டேன்”, “ம்”. அவ்வளவுதான் பேச்சு. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒருநாள் லிஃப்டில் கேட்டேவிட்டேன், “எப்படி சார் இருக்கு?” என்று.

“மொத ஆறு மாசந்தான் அண்ணாச்சி கஷ்டம். அப்புறம் பழகிரும்.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். கஷ்டமாக இருக்கும் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பழகிவிடும் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. வாணி இல்லாத வீடு எனக்குப் பழகிவிடுமா? நான் இல்லாத நாடு அவளுக்குப் பழகிவிடுமா?

ஐந்தாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் நிலா, அம்மா போனால் எனக்கு யார் ஜடை பின்னுவது என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் பின்னுகிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு விளையாடப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் பால்கனிக்குப் போகத் தோன்றும். பால்கனிக்குப் போனால் கீழே என்ன இருக்கிறது, தண்ணீர் லாரியும் நாலு நாயும். மறுபடி உள்ளே வருவேன். “ஏன்யா குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தினு கீற?” என்பாள் வாணி. ஒன்றுமில்லை என்பேன். போகாதே என்று சொல்லும் தைரியமும் இல்லை, போய்வா என்று சொல்லும் மனசும் இல்லை.

ஆறு கடிதங்கள்

மூன்றாவது தேர்வு ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை ஆறு கடிதங்களை என் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொடுத்தாள்.

“இதான்யா கடைசி. இந்த ஆறும் சரியா இருந்தா நான் தைரியமாப் போவேன். நாளைக்குள்ள பாத்துக் குடு.”

மறுநாள் மதியம், கம்பெனியில் அளவு பார்க்கும் அறை. குளிர்சாதனம் உள்ள ஒரே அறை அதுதான். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஜோடி நோட்டைத் திறந்து வைத்தேன். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினேன். முதல் கடிதத்தில் மூன்றாவது வரி. நோயாளி நெஞ்சு வலி இல்லை என்றார் என்று வர வேண்டிய இடத்தில் ரெஃப்யூஸ்.

பேனா அந்தச் சொல்லுக்கு மேலே வந்து நின்றது. கை கீழே இறங்கவில்லை.

பார்த்தேன். தப்பு என்று தெரிந்தது. வட்டம் போடவில்லை. அடுத்த பக்கம் திருப்பினேன். அங்கே ரிமைண்டுக்குப் பதில் ஒரு ரிமெம்பர். அதையும் விட்டேன். அதற்குப் பிறகு நோட்டைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டு ஆறு கடிதத்தின் கீழும் வரிசையாகச் ‘சரி’ போட்டேன். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் இருக்கிறது. கண்ணால் பாஸ் பண்ணுவது. கருவியை வைக்காமல், அளக்காமல், சும்மா பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புவது. அதைவிடப் பெரிய பாவம் எங்களுக்குக் கிடையாது. அப்படிச் செய்ததற்காக என்னோடு வேலை பார்த்த ஒருவர் மேல் நானே எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன், அவர் என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை. நான் செய்தது அதையும் விடக் கேவலம். அவர் பார்க்காமல் விட்டார். நான் பார்த்துவிட்டு விட்டேன்.

சாயங்காலம் கடிதங்களை வாங்கிப் புரட்டினாள்.

“ஆறுலயும் ஒண்ணுகூட இல்லியா? நெஜமாவா?”

“நல்லா எழுதியிருக்க.”

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அடுப்பில் பாலை வைத்துச் சேமியா பாயசம் செய்தாள். முந்திரியெல்லாம் என் டம்ளரில்தான் போட்டாள். குடித்தேன். அந்தப் பாயசம் தொண்டையில் இறங்கிய விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஃபிரிட்ஜ்

ரிசல்ட் வந்தது. மற்ற மூன்றிலும் தேறியிருந்தாள். கடிதத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது, ரொம்பக் கொஞ்சம்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினாள். தட்டுகளைக் கழற்றினாள். சோப்புத் தண்ணீரில் துணியை முக்கி ஒவ்வொரு மூலையாகத் துடைக்க ஆரம்பித்தாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையை ஃபிரிட்ஜுக்குள் விட்டபடியே கேட்டாள்.

“நீங்க பாத்தப்ப எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?”

நீங்க.

“ஆமா,” என்றேன்.

“சரி,” என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம். அவள் அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, அதைப் பற்றிப் பேசவே இல்லை. அட்டைகள் பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விட்டன. ஞாயிறுகள் காலியாகிவிட்டன. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, அவள் இங்கேதான் இருக்கிறாள். சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்?

எங்கே இருந்தது சந்தோஷம்! கம்பெனியில் ஒரே புஷ்ஷை ஐந்து தடவை அளப்பேன். ஐந்து தடவையும் நம்பமாட்டேன். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகக் கால் வராது. பாடி மேம்பாலத்தடியில் லாரிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்திக்கொண்டு இரண்டு டீ குடிப்பேன். ஒரு சனிக்கிழமை காரணமே இல்லாமல் குத்தம்பாக்கம் வரை போய், புதிய பேருந்து முனையத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்கு எந்த ஊருக்கும் பஸ் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் வாணி காலை வெந்நீரில் வைத்திருப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆறு ‘சரி’யும் வரிசையாகக் கண் முன்னால் வந்து நிற்கும்.

மாத்திரை சாப்பிடாத நோயாளி

மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜெசிந்தா மிஸ் போன் செய்தாள். அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கப் புதன்கிழமை கடைசி நாள் என்று சொன்னாளாம். வாணி “பாக்கலாம் மிஸ்” என்று வைத்துவிட்டாள். ஞாயிறு காலை பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“ஒரு கார்டு போட்டுப் பாக்கலாம், வா.”

படுத்தேன். துண்டு வைத்துக்கொண்டேன். கடிகாரம் ஓடத் தொடங்கியது. அட்டையை இரண்டு தடவை படித்தேன். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடாமலே, சாப்பிடுகிறேன் என்று சொல்லிவரும் நோயாளி. அதைக் கண்டுபிடிப்பது நர்சின் வேலை. கண்டுபிடித்த பிறகு நர்சு திட்டக் கூடாது, காரணம் கேட்க வேண்டும். திட்டினால் மார்க் போய்விடும்.

“ஆர் யூ டேக்கிங் யுவர் டேப்லெட்ஸ் ரெகுலர்லி?”

“எஸ் சிஸ்டர்.”

“எவ்ரி டே?”

“எஸ்.”

வாணி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் வார்டில் நிஜமாகவே இப்படித்தான் பேசுவாள் போலிருக்கிறது, நான் அதுவரை பார்த்ததில்லை. சில பேருக்கு விட்டுப்போகும், அதைச் சொல்வதில் ஒன்றும் தப்பில்லை, என்னிடம் சொல்லலாம் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். ஒரு வினைச்சொல்கூடப் பிசகவில்லை.

நான் துண்டை எடுத்தேன்.

“வாணி, அந்த ஆறு லெட்டரு...”

அவள் அசையவில்லை.

“பாத்தேன். தப்பு இருந்துச்சு. வேணும்னேதான் வட்டம் போடலை.”

கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அவள் முகத்தில் நர்சு இருந்தாளா, என் மனைவி இருந்தாளா என்று தெரியவில்லை.

“ஒய்?” என்றாள். நர்சின் குரல்தான்.

“பயமா இருந்துச்சு. நீ போயிடுவேன்னு. போனா பழகிடும்னு. எனக்கு... பயமா இருந்துச்சு வாணி.”

அழுகை வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயது ஆள், பட்டப்பகலில், ஈரத் துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவள் தொடவில்லை. ஐந்து நிமிடம் முடிந்து போன் கத்தியது. அதை நிறுத்திவிட்டு எழுந்து போனாள். பீரோ மறுபடி திறந்தது.

திரும்பி வந்து அந்த ஆறு கடிதங்களையும் என் மடியில் போட்டாள். ஒவ்வொன்றின் கீழும் என் சிவப்புச் ‘சரி’ இருந்தது. ஆனால் வரிகளுக்கு நடுவே பென்சிலால் வட்டங்கள் இருந்தன. ரெஃப்யூஸ் மேல் ஒன்று, ரிமெம்பர் மேல் ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. எண்ணினேன். பதினேழு.

“இது எப்ப போட்ட?”

“பரீட்சை எழுதின மறுநாள். சும்மா ஒக்காந்து உங்க நோட்டை வச்சுப் பாத்தேன்.”

“ரிசல்ட்டுக்கு முன்னாடியேவா?”

“ம்.”

அப்படியானால் ஃபிரிட்ஜைத் துடைத்தபோது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டிருக்கிறாள். நான் ஆமாம் என்றேன்.

“மூணு மாசமாத் தெரியுமா? ஒரு வார்த்தை கேக்கலியே நீ!”

“ஒரு தடவை கேட்டேனே.”

“அதுக்கப்பறம்?”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை முதுகு நிமிரவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு விரல்களைப் பார்த்தபடி சொன்னாள்.

“மறுபடி கேட்டா, போகாதேன்னு சொல்லிடுவீங்க. நீங்க வாய்விட்டுச் சொல்லிட்டா நான் நின்னுடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதான் கேக்கலை.”

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வாய் வரை வந்துவிட்டது. ஒரே சொல். அதைச் சொன்னால் போதும், அவளே சொல்லிவிட்டாள், நின்றுவிடுவாள். என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு ஆசையாகச் சொல்ல நினைத்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“கோவமா?” என்று மட்டும் கேட்டேன்.

“கோவந்தான். நாளைக்கும் இருக்கும். கொஞ்ச நாளைக்கு இருக்கும்.”

எழுந்து அவளுடைய லேப்டாப்பை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். நான்காவது தேர்வுக்கான விண்ணப்பத்தைத் திறந்தேன். பெயர், பிறந்த நாள், பாஸ்போர்ட் எண் என்று ஒவ்வொன்றாகத் தட்டினேன். அவள் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்ட இடத்தில் என் பெயரைப் போட்டேன். உறவு என்ற இடத்தில் கணவர் என்று போட்டேன்.

“முடிச்சுட்டேன். அனுப்பிடட்டுமா?”

“இருங்க.”

ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வந்து மேசை முன்னால் உட்கார்ந்தாள். கல்யாணமானதிலிருந்து நான் நிரப்பிக் கொடுத்த எந்தக் காகிதத்தையும் அவள் படித்ததில்லை. ரேஷன் கார்டு, பள்ளிக்கூட விண்ணப்பம், வீட்டுப் பத்திரம், எதையும். நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள், அவ்வளவுதான். அன்றைக்கு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். திரையில் விரலை வைத்து, பாஸ்போர்ட்டைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தாள்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். அவள் அவசரப்படவில்லை.